பத்து இடம்

கண்ணை மூடுங்கோ அக்கா என்றா தர்சனா மிஸ்.
மீன்வலை நூல் மாதிரி ஒரு நைலோன் துண்டால்
வலது பாதத்தில் ஒவ்வோர் இடமாய்த் தொட்டா.
தொட்டாவாம்.
தொட்டால் சொல்லச் சொல்லியிருந்தா,
நான் சொல்வதற்காகக் காத்துக்கொண்டே இருந்தேன்.

பத்து இடத்தில் இரண்டு.

ஒன்பது வருசம் நான் செய்ததும் இதுதான் மிஸ்.
முழங்காலில் இருந்து
முப்பது பாகைச் சரிவில் கம்பியை விட்டு
விரற்கடை விரற்கடையாய் நிலத்தைக் கேட்கிறது:
கீழே ஏதும் இருக்கா?
இருந்தால் கைக்குத் தெரியும்.
தெரியாத கையை வேலைக்கு எடுக்கமாட்டார்கள்.

அப்போது கழுத்தில் ஓர் அட்டை, இலக்கம், காப்புறுதி.
கால் போனால் இவ்வளவு, கண் போனால் இவ்வளவென்று
தமிழிலும் அடித்துத் தந்திருந்தார்கள்.
பிறகு நிதி முடிஞ்சுது.
அட்டையைக் கொடுத்துக் கையெழுத்து வைத்து
இரண்டு காலோடும் வீடு வந்த ஆள் நான்.

முள் எப்ப ஏறியதென்று தெரியாது.
முத்தையன்கட்டில் கச்சான் பிடுங்கக் கூலிக்கு நின்ற
அந்தக் கிழமையாய் இருக்கலாம்.
செருப்புக்குள் ஈரம்.
மகன் குனிந்தான், நிமிர்ந்தான்,
ஒன்றும் பேசாமல் ஓட்டோ பிடிக்கப் போனான்.

யாழ்ப்பாணத்தில், கண்ணாடிக் கதவுக்குள்,
காப்புறுதி இருக்கோ என்று கேட்ட பிள்ளை
நல்ல பிள்ளைதான். தண்ணீர் தந்தது.
தொகையை மெல்லிய குரலில் சொன்னது.

திரும்பி மாங்குளம். ஆறாம் கட்டில்.
ஒரு விரலை எடுப்பம், மிச்சத்தைப் பாப்பம் என்றார் டொக்டர் நிஸ்தார்.
பாப்பம் என்றால் எத்தனை பேரென்று
எனக்கு அப்போது விளங்கவில்லை.

எங்கள் வேலையில் ஒருத்தி பாதைக்குள் இன்னொருத்தி வரக்கூடாது.
இடையில் இருபத்தைந்து மீற்றர்.
வெடித்தால் ஒன்றோடு போகட்டும் என்று.
இங்கே எல்லாரும் என்ரை ஒரு காலுக்குள் வந்து நின்றார்கள்.

சாமலி, அனுராதபுரத்துப் பிள்ளை,
அரைத் தமிழில் அதட்டும்:
"அக்கா, கால் கீழ வேணாம். கீழ வேணாம்!"
மருந்து தரும் கோணேசலிங்கம்
குளிர்ப்பெட்டி இல்லையோ, நல்லது என்று
முட்டிக்குள் ஈரமணல் போட்டு
இன்சுலினை எவ்வளவு ஆழத்தில் தாழ்ப்பதென்று காட்டினார்.
மண்ணுக்குள் வைக்க எனக்கோ காட்டுறியள் என்று சிரித்தேன்.
அவருக்கு விளங்கவில்லை.

சீனி முந்நூற்று நாற்பது ஏறிய மாதம்
எல்லாருக்கும் முன்னால் கொப்பியை விரித்தார்கள்.
ஏச்சு வருமென்று தலை குனிந்தேன்.
சாப்பாட்டு மிஸ் கேட்டது வேறொன்று:
மாதம் இருபத்தைந்துக்குப் பிறகு
வீட்டில் என்ன இருக்கும்?
சோறும் சம்பலும், என்றேன். சில நாள் சோறு.
அதை எழுதினா.
அடுத்த கிளினிக்குக்குள் குடும்பநல மாது
ஸ்கூட்டியில் பயற்றங்கொட்டையும்
முருங்கைத் தடியும் கொண்டு படலையடியில் நின்றா.

கால் செய்கிற சில்வெஸ்ரர் அளவெடுக்க வந்தார்.
பயந்து காலை இழுத்துக்கொண்டேன்.
"செருப்புக்கு, தங்கச்சி. செருப்புக்குத்தான்.
இந்த வருசம் நான் செய்யிற முதற்செருப்பு."

ஏழு மாதம். புண் மூடியது.
நடுவில் ஒருக்கால் திறந்து,
தர்சனா மிஸ் எனக்குக் கேட்காதென்று நினைத்து
மற்றப் பக்கம் போய் மூக்குறிஞ்சி,
வந்து, திரும்பவும் முதலிலிருந்து கட்டினா.

நேற்றுத் திரும்பவும் கண்ணை மூடச் சொன்னா.
பத்தில் இரண்டு. அதே இரண்டு.
அது வராதக்கா, என்றா. இனிப் பார்வைதான் காலுக்கு.

பின்னேரத்தில் மகனின் சவரக் கண்ணாடியை
நிலத்தில் வைத்துப் பாதத்தைத் தூக்குகிறேன்.
குதியில் தொடங்கி விரற்கடை விரற்கடையாய்,
நான்கு விரலுக்கும் இடையில்,
ஐந்தாவது இருந்த இடத்தில்.
இன்றைக்கு ஒன்றுமில்லை.

கண்ணாடி எங்கேயெண்டு
கிணற்றடியிலிருந்து கத்துகிறான்.
கொஞ்சம் பொறு.